ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு

இந்த மாதப் பாடம் தானத்தைப் பற்றியது. தானம் செய்யணும் என்று நமக்கு யாரும் புதிதாகச் சொல்லித் தர வேண்டியதில்லை. பாட்டி காலத்திலிருந்து வீட்டில் கேட்டு வளர்ந்த விஷயம்தான். கோயிலுக்குப் போனால் உண்டியலில் போடுகிறோம். தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப் பந்தல் போடுகிறோம். தீபாவளிக்கு முன்னால் அன்பு இல்லங்களுக்கு அரிசி மூட்டை தூக்கிக்கொண்டு போகிறோம். நம்ம இளைஞர்களிடம் இரக்கம் குறைவு என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

கஷ்டமான கேள்வி வேறு. கேட்பவர்கள் பத்துப் பேர். கிளை நிதியில் இருக்கிற பணமோ ஒருவருக்கு, மிஞ்சிப் போனால் இருவருக்குத்தான் போதும். அப்போது யாருக்குக் கொடுப்பது? ஒருவருக்குச் "சரி" என்று சொல்லும்போதே மற்ற எட்டு, ஒன்பது பேருக்கு "இல்லை" என்று சொல்லிவிடுகிறோம். வாய் திறந்து சொல்லவில்லை, அவ்வளவுதான். அந்த "இல்லை"யை யோசித்துச் சொல்கிறோமா, அல்லது முதலில் கேட்டவருக்கோ சத்தமாகக் கேட்டவருக்கோ கொடுத்துவிட்டு வந்துவிடுகிறோமா?

நம் பெரியவர்கள் இதற்கு இரண்டு பழமொழி வைத்திருக்கிறார்கள். ஒன்று, ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு. இன்னொன்று, பாத்திரம் அறிந்து பிச்சை இடு. இரண்டுமே கொடுக்காதே என்று சொல்லவில்லை. அளக்கவும் அறியவும் சொல்கின்றன. எதை அளப்பது, எதை அறிவது என்பதுதான் இன்றைய பாடம்.

1. கீதையும் குறளும் என்ன சொல்கின்றன?

பகவத் கீதையின் 17-ஆம் அத்தியாயத்தில் 20 முதல் 22 வரையுள்ள மூன்று சுலோகங்கள் தானத்தை மூன்று வகையாகப் பிரிக்கின்றன. திரும்ப எதையும் எதிர்பார்க்காமல், கடமை என்று எண்ணி, தகுந்த இடத்தில், தகுந்த காலத்தில், தகுந்தவருக்குக் கொடுப்பது சாத்விக தானம். பதிலுக்கு ஏதாவது கிடைக்கும் என்றோ, மனசில்லாமலோ கொடுப்பது ராஜச தானம். தகாத இடத்தில், தகாத காலத்தில், மரியாதை இல்லாமல், இளக்காரமாகக் கொடுப்பது தாமச தானம்.

இதில் இரண்டு விஷயத்தைக் கவனிக்கணும். முதலாவது, எவ்வளவு கொடுத்தார் என்பது இந்தப் பிரிவினையில் வரவே இல்லை. பத்து ரிங்கிட்டும் சாத்விகமாக இருக்கலாம், பத்தாயிரம் ரிங்கிட்டும் தாமசமாக இருக்கலாம். இரண்டாவது, இடம், காலம், பாத்திரம் என்று மூன்று கேள்விகள் இருக்கின்றன. நாம் பெரும்பாலும் மூன்றாவதை மட்டும்தான் கேட்கிறோம். காலம் என்ற கேள்வியைப் பஞ்சாங்கத்தோடு நிறுத்திக்கொள்கிறோம்.

சரி, "பாத்திரம்" யார்? பழைய உரைகளில் கல்வியும் ஒழுக்கமும் உள்ளவர் என்று விளக்கம் சொல்லுவாங்க. திருக்குறளில் 23-ஆம் அதிகாரம் ஈகை. அதன் முதல் குறளிலேயே வள்ளுவர் அளவுகோலை வைத்துவிடுகிறார்: இல்லாதவருக்குக் கொடுப்பதுதான் ஈகை, மற்றதெல்லாம் பலனை எதிர்பார்த்துக் கொடுக்கிற கொடுக்கல் வாங்கல் போலத்தான். இரண்டையும் சேர்த்துப் படித்தால் நமக்கு ஒரு தெளிவு கிடைக்கிறது. தேவை எங்கே ஆழமோ அங்கே பாத்திரம் இருக்கிறது. கொடுத்தது வீணாகாமல் பயன்படுமா என்பதும் பாத்திரத்தைப் பற்றிய கேள்விதான். ஓட்டைப் பாத்திரத்தில் எவ்வளவு ஊற்றினாலும் நிற்காது இல்லையா?

2. மனசு எங்கே நம்மை இழுத்துச் செல்கிறது?

இரக்கம் நல்ல குணம். ஆனால் அது எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி வெளிச்சம் அடிப்பதில்லை. டார்ச்லைட் மாதிரி, திருப்பிய பக்கம் மட்டும்தான் தெரியும்.

டெபோரா ஸ்மால், ஜார்ஜ் லோவன்ஸ்டைன், பால் ஸ்லோவிக் என்ற மூன்று ஆய்வாளர்கள் 2007-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு குழுவிடம் ஆப்பிரிக்காவில் மாலி நாட்டுச் சிறுமி ஒருத்தியின் படத்தையும் கதையையும் காட்டி நன்கொடை கேட்டார்கள். இன்னொரு குழுவிடம் பல லட்சம் பேர் பசியால் வாடுகிறார்கள் என்ற புள்ளிவிவரத்தை மட்டும் காட்டினார்கள். ஒரே சிறுமிக்குக் கிடைத்த கொடை ஏறக்குறைய இரு மடங்கு. சிறுமியின் படத்தோடு புள்ளிவிவரத்தையும் சேர்த்துக் காட்டியபோது கொடை கூடவில்லை, குறைந்துதான் போனது.

நம்ம ஊரிலும் இதேதான். வாட்ஸ்ஆப் குழுவில் ஒரு குழந்தையின் படம் வந்தால் அரை மணி நேரத்தில் பணம் சேர்ந்துவிடும். அதே தாமானில் பிறப்புப் பத்திரம் இல்லாமல், நீல அடையாள அட்டை கிடைக்காமல், பள்ளிக்கும் வேலைக்கும் அலைகிற குடும்பத்தைப் பற்றி யாரும் பகிர்வதில்லை. அதற்குப் படம் எடுக்க முடியாது. எடுத்தாலும் பார்ப்பவருக்கு அழுகை வராது.

காலமும் இப்படித்தான் ஏமாற்றும். 2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலாம், தாமான் ஸ்ரீ மூடா மூழ்கியபோது நாடே ஓடி வந்தது. முதல் சில நாட்களுக்குச் சோறும் துணியும் வந்து குவியும். எந்தப் பேரிடரிலும் அப்படித்தான். மூன்றாவது மாதத்தில், சுவரில் பூஞ்சை பிடித்த வீட்டில், பாழான துணி துவைக்கும் இயந்திரத்தை எப்படி மாற்றுவது என்று யோசிக்கிற குடும்பத்தைத் தேடி எத்தனை பேர் போவார்கள்?

கேட்கவே கூச்சப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். 2021-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டின்போது வெள்ளைக் கொடி இயக்கம் வந்தது ஞாபகம் இருக்கும். உதவி வேண்டுமா, வீட்டு வாசலில் வெள்ளைத் துணியைக் கட்டு, வாய் திறந்து கேட்க வேண்டாம் என்றார்கள். கொடி ஏறிய பிறகுதான் பக்கத்து வீட்டில் அரிசி இல்லை என்பதே பல பேருக்குத் தெரிந்தது. சத்தம் போடாதவர்களுக்குத் தேவை இல்லை என்று நினைப்பது பெரிய தப்பு.

3. முதல் வாசல்: நம்பலாமா?

தேவையை அளப்பதற்கு முன் ஒரு வாசலைத் தாண்டணும். கொடுக்கிற பணம் சொன்ன இடத்துக்குப் போகுமா? இதற்குப் பாதி மதிப்பெண் என்ற பேச்சே கிடையாது. தேர்ச்சி, அல்லது சுழியம்.

சரிபார்க்க வழிகள் இருக்கின்றன. ஓர் அமைப்பு என்றால் 1966-ஆம் ஆண்டு சங்கச் சட்டத்தின் கீழ் சங்கப் பதிவிலாகாவில் பதிவு பெற்றிருக்கிறதா என்று கேளுங்கள். அன்பு இல்லம், முதியோர் இல்லம் என்றால் 1993-ஆம் ஆண்டு பராமரிப்பு மையச் சட்டத்தின் கீழ் சமூக நல இலாகாவில் பதிவு இருக்கணும். வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவின் கீழ் அங்கீகாரம் பெற்ற அமைப்பு என்றால், கொடுப்பவருக்கு வரிவிலக்கும் உண்டு. தனிநபருக்கு மொத்த வருமானத்தில் 10 விழுக்காடு வரை கழித்துக்கொள்ளலாம். வேலைக்குப் போகிற அண்ணன், அக்காமார்கள் இதை மறக்க வேண்டாம்.

மருத்துவச் செலவுக்கு என்று கேட்டால், எந்த மருத்துவமனை என்று கேளுங்கள். பெரிய அரசாங்க மருத்துவமனைகளில் மருத்துவச் சமூகப் பணிப் பிரிவு இருக்கிறது. குடும்பம் அங்கே போயிருக்கிறதா, எவ்வளவு பற்றாக்குறை என்று குடும்பத்தோடு சேர்ந்து போய்த் தெரிந்துகொள்ளலாம். வங்கிக் கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்றும் பாருங்கள்.

பதிவு இல்லை என்பதாலேயே ஒருவர் கெட்டவர் என்று அர்த்தம் இல்லை. சின்னதாக ஆரம்பித்து நல்லது செய்கிறவர்கள் நிறைய பேர். அப்படின்னா நேரில் போங்கள். இரண்டு தடவை போங்கள், ஒரு தடவை சொல்லாமல் போங்கள்.

4. கணக்குப் போட்டுப் பார்ப்போம்

பொறியியல் வகுப்பில் ஒரு பொருளை வடிவமைக்கும்போது, நாலைந்து யோசனைகளில் எது சிறந்தது என்று தேர்ந்தெடுக்க ஓர் அட்டவணை போடுவோம். ஒவ்வோர் அம்சத்துக்கும் ஓர் எடை கொடுத்து, மதிப்பெண் போட்டு, பெருக்கிக் கூட்டுவது. தானத்துக்கும் அதைப் போட்டுப் பார்க்கலாம்.

ஒரு கிளையிடம் 5,000 ரிங்கிட் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நான்கு கோரிக்கைகள். நான்கும் நம்பிக்கை வாசலைத் தாண்டிவிட்டன.

அ. திருவிழா அன்று கோயிலில் ஒரு வேளை அன்னதானம்.
ஆ. பிளாட்டில் தனியாக இருக்கிற டயாலிசிஸ் நோயாளி ஒருவருக்குப் போக்குவரத்துச் செலவு.
இ. எஸ்.பி.எம். எழுதப் போகிற பி40 குடும்பத்து மாணவர்கள் 20 பேருக்கு ஓராண்டு டியூஷன்.
ஈ. தீபாவளி மாதத்தில் ஓர் அன்பு இல்லத்துக்கு மளிகைப் பொருள்.

கேள்விகள் மூன்று. துன்பம் எவ்வளவு ஆழம்? நம் பணத்தால் எவ்வளவு மாற்றம்? வேறு யாரும் உதவாத இடமா? எடை முறையே 4, 3, 2. ஒவ்வொன்றுக்கும் 5-க்கு மதிப்பெண்.

அன்னதானம்: 1, 2, 1. மொத்தம் 12.
டயாலிசிஸ் போக்குவரத்து: 4, 4, 4. மொத்தம் 36.
டியூஷன்: 3, 5, 3. மொத்தம் 33.
அன்பு இல்லம்: 3, 2, 1. மொத்தம் 20.

டயாலிசிஸுக்கு ஏன் இவ்வளவு? வாரம் மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் ஏறக்குறைய நான்கு மணி நேரம். சிகிச்சைச் செலவுக்கு அரசாங்கமோ சொக்சோவோ தொண்டு மையமோ உதவினாலும், அங்கே போய்ச் சேர வழி வேண்டுமே. போக வர 30 ரிங்கிட் என்றால் ஆண்டுக்கு 156 பயணம், 4,680 ரிங்கிட். 5,000 ரிங்கிட்டில் ஒருவர் ஓராண்டு முழுக்க ஒரு நாளும் தவறாமல் சிகிச்சைக்குப் போகலாம். தவறினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. இந்த நோய் நமக்குத் தூரத்து விஷயமும் இல்லை. 2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் வயது வந்தவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. மூன்று பெரிய இனங்களில் இந்தியர்களிடம்தான் விகிதம் அதிகம். சிறுநீரகம் செயலிழக்க முதல் காரணமும் நீரிழிவுதான். தண்ணீர்ப் பந்தலில் நாம் கொடுக்கிற சிரப்பில் சர்க்கரையைக் குறைத்தாலே அதுவும் ஒரு தானம்.

இப்போது அன்பு இல்லத்தைப் பாருங்கள். 20 தான் கிடைத்தது. அந்தப் பிள்ளைகளுக்குத் தேவை இல்லையா? இருக்கிறது. ஆனால் தீபாவளி மாதத்தில் எல்லாரும் அங்கேதான் போகிறார்கள். அரிசி வைக்க இடம் இருக்காது. அதே இல்லத்துக்கு, அதே பணத்தை, மார்ச் மாதத்தில், என்ன வேண்டும் என்று கேட்டுக் கொடுத்தால் மதிப்பெண் 3, 4, 4 ஆகும். மொத்தம் 32. இடம் மாறவில்லை, ஆள் மாறவில்லை, தொகை மாறவில்லை. காலம் மட்டும் மாறியது. கீதை காலத்தை ஏன் தனியாகச் சொல்கிறது என்று இந்தக் கணக்கைப் போட்டபோதுதான் எனக்குப் புரிந்தது.

அன்னதானமும் அப்படியே. வள்ளலார் 1867-இல் வடலூரில் தொடங்கிய சத்திய தருமசாலையில் அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை. அங்கே திருவிழாவுக்குத் திருவிழா சாப்பாடு போடவில்லை. பசி தினமும் வருகிறது, அதனால் சோறும் தினமும். வீட்டில் சாப்பாடு இருக்கிறவர்களுக்கே மறுபடி இலை போடுவதும், பசித்தவரைத் தேடிப் போய்ப் போடுவதும் ஒரே சொல்லால் அழைக்கப்படுகின்றன. மதிப்பெண் ஒன்றாக இருக்க முடியுமா?

5. அட்டவணை முடிவு செய்யாத விஷயம்

இப்போது எடையைக் கொஞ்சம் மாற்றுகிறேன். ஆழத்துக்கு 2, மாற்றத்துக்கு 5, கடைசிக் கேள்விக்கு அதே 2. டயாலிசிஸ் மறுபடியும் 36. டியூஷன் 37! முதல் இடம் மாறிவிட்டது.

கணக்கில் தப்பு இல்லை. இன்று ஒருவர் படுகிற துன்பத்தைத் தீர்ப்பது பெரிதா, நாளை இருபது பேர் துன்பப்படாமல் பார்ப்பது பெரிதா? இதற்கு எந்தச் சூத்திரமும் பதில் சொல்லாது. எடையை நாம்தான் போடுகிறோம். ஆகவே அட்டவணையின் உண்மையான பயன், நம் மனசில் எதற்கு எவ்வளவு எடை இருக்கிறது என்று செயலவைக் கூட்டத்தில் எல்லாரும் பார்க்கும்படி எழுதி வைப்பதுதான். "எனக்குத் தெரிஞ்சவங்க", "போன வருஷமும் அவங்களுக்குத்தான் கொடுத்தோம்" என்ற காரணங்களுக்கு அட்டவணையில் இடம் கிடையாது.

என் கருத்தைக் கேட்டால், உயிருக்கு ஆபத்து என்றால் அது முதலில். ஆனால் அவசரத்துக்கே எல்லாப் பணத்தையும் கொடுத்தால் நீண்ட காலப் பணிக்கு ஒருநாளும் முறை வராது. அதனால் ஆண்டு நிதியில் ஒரு பங்கை முன்கூட்டியே கல்விக்கு ஒதுக்கிவிடணும், யார் கேட்டாலும் அதைத் தொடக் கூடாது.

பங்கு பிரிப்பது நமக்குப் புதிதும் இல்லை. தேவர், முன்னோர், ரிஷிகள், மனிதர், மற்ற உயிர்கள் என்று ஐந்து பேருக்கும் இல்லறத்தார் செய்ய வேண்டியதைப் பஞ்ச மகா யக்ஞம் என்று நம் மரபு வகுத்திருக்கிறது. கோயிலுக்குக் கொடுக்காதே என்று நான் சொல்லவில்லை. ஐந்தில் ஒன்றே மற்ற நான்கையும் விழுங்கிவிடக் கூடாது. பினாங்கில் தைப்பூசத்துக்குத் தேங்காய் உடைப்பவர்களிடம், எண்ணிக்கையைக் குறைத்து அந்தப் பணத்தை ஏழைகளுக்குக் கொடுங்கள் என்று பினாங்கு பயனீட்டாளர் சங்கம் பல ஆண்டுகளாகக் கேட்டு வந்திருக்கிறது. நேர்த்திக்கடன் நிறைவேற ஒரு தேங்காய் போதும் என்று நினைப்பவர்கள் இதை யோசிக்கலாம்.

6. பணம் இல்லை, ஆனால் கை இருக்கிறது

மேலே சொன்ன கணக்கில் ஒரு விஷயத்தை விட்டுவிட்டோம். டயாலிசிஸ் நோயாளிக்கு வேண்டியது பணமா, கார் ஓட்ட ஓர் ஆளா? மாதத்துக்கு 13 பயணம். கார் வைத்திருக்கிற உறுப்பினர்கள் ஏழு பேர் முறை போட்டால் ஆளுக்கு இரண்டு நாள்கூட வராது. பெட்ரோல் செலவோடு முடிந்துவிடும். டியூஷனுக்கும் பல்கலைக்கழகத்தில் படிக்கிற நாமே போய்க் கணிதம், இயற்பியல் சொல்லித் தரலாம். அப்புறம் அந்த 5,000 ரிங்கிட் இரண்டுக்கும் போதும், மிச்சமும் இருக்கும். அடையாள அட்டைப் பிரச்சினைக்கும் அப்படித்தான். பாரம் நிரப்பவும், தேசியப் பதிவிலாகாவுக்குக் கூடவே போய் உட்காரவும், மலாய் நன்றாகப் பேசத் தெரிந்த ஒருவர் வேண்டும்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. நமக்குப் பரீட்சை வாரம் என்பதற்காக டயாலிசிஸ் நிற்காது. மூன்று மாதம் ஓட்டிவிட்டு நிறுத்தினால், நம்மை நம்பி வேறு ஏற்பாட்டை விட்டவர் நடுத்தெருவில் நிற்பார். தொடர முடியாததைத் தொடங்குவதைவிட, சின்னதாகத் தொடங்கித் தொடர்வது நல்லது. சுவாமி சத்தியானந்தா 1949-இல் சுத்த சமாஜத்தைத் தொடங்கினார். அங்கே சேவையில் இறங்கிய அன்னை மங்களம், 2023-இல் தம் 97-ஆம் வயதில் மறையும் வரை எழுபது ஆண்டுகளுக்கும் மேலாக அந்தப் பணியிலேயே இருந்தார். அவ்வளவு நம்மால் முடியாது. ஓராண்டு முடியுமா என்று கேட்டுப் பார்ப்போம்.

7. கணக்குப் பார்ப்பது இரக்கமில்லாத வேலையா?

சில பேர் கேட்பார்கள்: "தானத்துக்குப் போய் மதிப்பெண்ணா? மனசுல தோணினா கொடுக்க வேண்டியதுதானே?" அரசாங்க மருத்துவமனையின் அவசரப் பிரிவைப் பாருங்கள். சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நோயாளிகளைப் பிரிக்கிறார்கள். முதலில் வந்தவர் பச்சையில் காத்திருப்பார், பின்னால் வந்தவர் சிவப்புக்குப் போவார். அந்த மருத்துவருக்கு இரக்கம் இல்லை என்று சொல்வோமா? எல்லார் மேலும் இரக்கம் இருப்பதால்தான் பிரிக்கிறார்.

கணக்கு முடிந்த பிறகு அதை மூடி வைத்துவிட வேண்டும். வாங்குகிறவர் எதிரில் நிற்கும்போது அவர் 36 மதிப்பெண் இல்லை, நம்ம வீட்டுப் பெரியம்மா மாதிரி. பெரிய மாதிரிக் காசோலையைப் பிடிக்க வைத்துப் படம் எடுத்து, பிள்ளையின் முகத்தோடு முகநூலில் போடுவதெல்லாம் கீதை சொன்ன மரியாதை இல்லாத தானத்தில்தான் சேரும். "இல்லை" என்று சொல்ல வேண்டியவரிடமும் நேரில் சொல்லுங்கள், காரணம் சொல்லுங்கள், வேறு எங்கே கேட்கலாம் என்று வழி காட்டுங்கள். பதிலே சொல்லாமல் காக்க வைப்பதுதான் ரொம்பக் கொடுமை.

கிளைக் கூட்டத்தில் கலந்து பேச:

1. கடந்த ஓராண்டில் நம் கிளை எதற்கெல்லாம் கொடுத்தது? அதில் எத்தனை, நாமே தேடிப் போய்க் கண்டது? எத்தனை, நம்மிடம் வந்து கேட்டது?

2. மேலே உள்ள மூன்று கேள்விகளுக்கு உங்கள் கிளை என்ன எடை போடும்? ஒவ்வொருவரும் தனித்தனியாக எழுதிவிட்டு, பிறகு ஒப்பிட்டுப் பாருங்கள்.

3. டயாலிசிஸ் நோயாளி ஒருவரா, மாணவர்கள் இருபது பேரா? பணம் ஒன்றுக்குத்தான் போதும், கையாலும் உதவ முடியாது என்றால் எதைத் தேர்ந்தெடுப்பீர்கள்? தேர்ந்தெடுக்காதவரிடம் போய் என்ன சொல்வீர்கள்?

4. உங்கள் தாமானில் கேட்கக் கூச்சப்படுகிற குடும்பம் எது என்று யாருக்குத் தெரியும்? கோயில் அர்ச்சகரா, தமிழ்ப்பள்ளி ஆசிரியரா, மளிகைக் கடைக்காரரா? அடுத்த கூட்டத்துக்குள் அவரில் ஒருவரிடம் போய்க் கேட்டு வாருங்கள்.